மாலினின் பெயரில் நான் வைத்த நேர்த்தி

என் செல்ல மகனே,

இதை நான் அஜின்கோர்ட்டில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் என் ஸ்கூல் பஸ்ஸை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கின் மேல் கொப்பியை வைத்து எழுதுகிறேன். பிள்ளைகள் வெளியே வர இன்னும் முக்கால் மணித்தியாலம் இருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதற்கு ஸ்டியரிங்தான் காரணம், என் வயது இல்லை. வீட்டில் இருந்து எழுத வழியில்லை. மேசை முழுக்கக் கலியாணப் பலகாரம், கதிரை முழுக்கச் சேலை, அதற்குள் அப்பா ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "என்ன எழுதுறீர்?" என்று எட்டிப் பார்ப்பார். நேரில் சொல்லலாம்தானே என்று நீ கேட்பாய். உன் முகத்தைப் பார்த்தால் பாதியில் கதையை மாற்றி நான் நல்லவளாகிவிடுவேன். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. அதனால்தான் கடிதம். மெல்ல வாசி. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னை அழ அழ இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்காவது பலன் கிடைக்கட்டும். விளங்காத சொல் வந்தால் என்னைக் கேள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்கும் மாலினுக்கும் கலியாணம். அதற்கு இரண்டு நாள் முன்னர், வெள்ளிக்கிழமை, ஐரோப்பாவில் இருக்கிற அந்த ரேஸ் அணிக்கு அவள் ஒரு பதில் சொல்ல வேண்டும். வருடம் முழுவதும் ஓட ஒரு கார், அதில் அவளுக்கென்று ஓர் ஆசனம். எட்டு வயதிலிருந்து அவள் காத்திருந்தது இதற்குத்தான். வரவில்லை என்று சொல்லப்போகிறாள். போன வாரம் நீ சமையலறையில் கையில் தண்ணீர்க் கிளாஸுடன் நின்று, "அம்மா, ஷி இஸ் டன். அக்சிடென்டோட அவளுக்குப் பயம் பிடிச்சிட்டுது. நான் கதை எடுத்தா எழும்பிப் போறாள்" என்றாய். நான் கரட் சீவிக்கொண்டிருந்தேன். "விடு மகன், உயிரோட இருக்கிறாள், அது காணும்" என்றேன். அவள் ஏன் போகவில்லை என்று இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருத்தி அவள். மற்றவள், கரட் சீவிக்கொண்டிருந்த உன் அம்மா.

பிழையைச் சொல்ல முதல் நன்றியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் பெரியது. ஒஷாவாவில் கார்த் தொழிற்சாலையில் நீ இன்ஜினியராகச் சேர்ந்தபோது நான் சொந்தக்காரர் எல்லாருக்கும் டெலிபோன் எடுத்துச் சொன்னேன். சனி ஞாயிறில் நீ ஒரு ரேஸ் அணிக்குப் போய், காரின் வேகத்தையும் டயரின் சூட்டையும் கம்பியூட்டரில் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்பதை ஒருவருக்கும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாய். "அம்மா, இது மாலின். சுவீடன். ரேஸ் கார் ஓடுறவ." "சரி, வேலை என்ன செய்யிறா?" என்று கேட்டேன். "அதுதான் அம்மா வேலை" என்றாய். அவள் சப்பாத்தைக் கழற்றவும் முதல், கும்பிடு போடவும் முதல், என்னிடம் சொன்ன முதல் வசனம், உங்கள் காரின் முன் இடப்பக்க டயரில் காற்றுக் குறைவு என்பது. மரியாதை தெரியாத பிள்ளை என்று நினைத்திருக்க வேண்டும். ஆனால் அந்த டயரைப் பற்றி ஒரு கிழமையாக நான் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் மூன்று தரம் காலால் தட்டிப் பார்த்து, "ஒண்டுமில்லை, உமக்குப் பிரமை" என்றவர். அன்றைக்கு நானும் அவளும் பனியில் பிரேக் பிடிப்பதைப் பற்றியும் கண்ணாடியில் தெரியாத மூலைகளைப் பற்றியும் இரண்டு மணித்தியாலம் கதைத்தோம். நீயும் அப்பாவும் பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி ஓரமாக இருந்தீர்கள். இந்த நாட்டில் இத்தனை வருடம் பஸ் ஓடியும், என் வேலையைப் பற்றி ஒருவர் என்னிடம் ஒழுங்காகக் கேள்வி கேட்டது அன்றைக்குத்தான்.

அப்படியிருந்தும் சொந்தக்காரரிடம் அவள் கார்க் கம்பனியில் வேலை என்றுதான் சொன்னேன். பெரியம்மா அவளுக்கு மாலினி என்று பெயரும் வைத்துவிட்டார். அவளும் அந்தப் பெயருக்கு ஓம் என்று திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

பிறகு அந்த விபத்து. போன வருடம் இலையுதிர் காலத்தில், ஒஷாவாவுக்கு அப்பால் இருக்கிற ரேஸ் ஓடுதளத்தில், ஓடிக்கொண்டிருக்கும்போதே பின் டயர் வெடித்தது. நீ டெலிபோன் எடுத்து ஆஸ்பத்திரியின் பெயரை மட்டும் சொன்னாய். நானும் அப்பாவும் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நீ சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாய். இடுப்பு எலும்பும் வலது தொடை எலும்பும் உடைந்திருக்கிறது, நடப்பாளா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள். நீ ஐந்து வயதில் காய்ச்சலில் கிடந்தபோது இருந்த அதே முகத்தை அன்றைக்கு உன்னில் பார்த்தேன். நான் எழும்பிப்போய், கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் நின்று, முருகனிடம் நேர்த்தி வைத்தேன். இவள் எழும்பி நடந்தால் நான் பால்குடம் எடுக்கிறேன். இவள் இனி அந்தக் காரில் ஏறமாட்டாள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னேன். முதலாவது என் தலையில் வைத்த சுமை. இரண்டாவதை ஆருடைய தலையில் வைக்கிறேன் என்று யோசிக்கவே இல்லை.

அவளுடைய அப்பார்ட்மென்டில் படி இருந்தபடியால் வெக்ஸ்போர்டில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அந்த நாலு மாதத்துக்கும் நான் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன் என்றால் நீ கோபிப்பாய். அவளுக்கு நோவு, எனக்கு நன்றி. ஆனாலும் அது உண்மை. நீ வேலைக்குப் போன பிறகு, என் காலை ஓட்டத்துக்கும் பின்னேர ஓட்டத்துக்கும் இடையில் இருக்கிற நேரம் முழுவதும் எங்கள் இரண்டு பேருக்கும்தான். இடியப்பத்துக்கு ஊற்றத் தந்த சொதியைக் கோப்பையில் ஊற்றிக் கரண்டியால் சூப் மாதிரிக் குடிப்பாள். இடியப்பத்தைத் தனியாக, பாண் மாதிரிக் கடிப்பாள். நான் திருத்தவில்லை. நான் அவளுக்குத் தலை வாரி இழுத்துவிடும்போது தன் கதையைத் துண்டு துண்டாகச் சொல்லுவாள். அவளுடைய தகப்பன் சுவீடனின் வடக்கில் மரம் ஏற்றும் லொறி ஓடுகிறவர். எட்டு வயதில் அவளுக்குச் சின்ன ரேஸ் வண்டி ஒன்றைத் தானே பொருத்திக் கொடுத்தார். குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் மேல் ஓடிப் பழகினாளாம். ஐஸ் பொய் சொல்லாது மாமி, நாம் செய்த பிழையை உடனே காட்டிவிடும் என்று பின்னாளில் ஒருநாள் சொன்னாள். பதினாறு வயதில் ஒற்றை ஆசனக் கார்களில் பெடியன்களுடன் ஓடினாள். வென்றும் இருக்கிறாள். பிறகு ஒரு கோடை முழுவதும் அவளுக்கு ஒருவரும் கார் கொடுக்கவில்லை. ஒரு சூப்பர்மார்க்கெட்டில் மீன் வெட்டினாள். வேலைக்குப் போகும்போது பையில் ஹெல்மெட்டையும் கொண்டு போவாளாம், ஆராவது கூப்பிட்டால் நேரே போக. மூன்று மாதம் மீன் மணத்தோடு அந்த ஹெல்மெட் கிடந்தது. பிறகு ஒரு ஓட்டக்காரனுக்குச் சுகமில்லை என்று கூப்பிட்டார்கள். அந்த ஒரு நாள் மழை. எல்லாரும் வழுக்கினார்கள், ஏரியில் பழகினவள் வழுக்கவில்லை. அதற்குப் பிறகு மழை என்றால் அவளைக் கூப்பிடுவது வழக்கமாயிற்று. அப்படித்தான் ஊர் ஊராக, அணி அணியாக, வேறு ஆட்களால் ஓட முடியாத நாளில் மட்டும் ஓடி ஓடி, கடைசியில் கனடாவுக்கு வந்து உன் கம்பியூட்டருக்கு முன்னால் வந்து நின்றாள்.

இதையெல்லாம் கேட்ட பிறகும் நான் செய்ததைச் சொல்கிறேன். அவள் ஊன்றுகோல் இல்லாமல் பின்வளவைச் சுற்றி நடந்த முதல் நாள். உள்ளே வந்து, முகம் எல்லாம் சிரிப்பாக, அடுத்த வருடம் காரில் ஏறலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றாள். "மாலின், நான் உனக்காகக் கடவுளிட்டை ஒரு நேர்த்தி வைச்சனான்" என்று தொடங்கி, என்னுடைய ஆங்கிலத்தில் முழுவதையும் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டாள். அந்த வாக்கு உடைந்தால் என்ன நடக்கும் என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, ஒரு ஓடுதளத்தின் விதியைக் கேட்கிற மாதிரிக் கேட்டாள். ஒன்றும் நடக்காது என்று நான் சொல்லியிருக்கலாம். தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். "என்ர பிள்ளைக்கு ஏதும் நடந்திடும்" என்றேன்.

வாய் தவறி வந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. தவறி வரவில்லை, மகன். எதைச் சொன்னால் அவள் நிற்பாள் என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் சொன்னேன். அவள் கையில் இருந்த கோப்பையை மேசையில் வைத்தாள். "ஓகே, மாமி" என்றாள். அதுவரை என்னை அன்ரி என்று கூப்பிட்டவள், முதன்முதலாக மாமி என்றது அந்த நிமிடத்தில்தான். பிறகு ஒன்று கேட்டாள், இதை உனக்குச் சொல்லக்கூடாது என்று. உனக்குத் தெரிந்தால் நீ இது எல்லாம் விசர்க்கதை என்று சொல்லித் துணிந்துவிடுவாய், தான் துணியமாட்டேன் என்றாள். நான் தலையாட்டினேன். அவளுக்குப் பயம் என்று நீ சொன்னது சரிதான். அவள் பயந்தது உனக்காக.

இரண்டு கிழமைக்கு முன்னர், செவ்வாய்க்கிழமை என்று நினைக்கிறேன், காலை ஓட்டம் முடிந்து வந்தேன். டிரைவ்வேயில் உன் கார் நிற்கிறது, என்ஜின் ஓடவில்லை, உள்ளே அவள். கண்ணை மூடியிருக்கிறாள். கை ஸ்டியரிங்கைத் தொடாமல் காற்றில் திரும்புகிறது. கால் அமுக்குகிறது, விடுகிறது. தோள் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்கிறது. முதலில் வலிப்பாக்கும் என்று பயந்தேன். பிறகு கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். ஒரு நிமிடத்துக்கு மேல் அப்படியே போனது. கண்ணைத் திறந்து மணிக்கூட்டைப் பார்த்தாள், திரும்பவும் மூடினாள், திரும்பவும் முதலிலிருந்து. நான் கண்ணாடியில் தட்டினேன். "என்ன பிள்ளை செய்யிறாய்?" சீனிப் போத்தலுக்குள் கையை விட்ட பிள்ளை மாதிரித் திடுக்கிட்டாள். தான் விழுந்த ஓடுதளத்தை, வளைவு வளைவாக, தலைக்குள் ஒரு சுற்று ஓடிப் பார்த்ததாகச் சொன்னாள். ரேஸ்காரர் எல்லாரும் இப்படிச் செய்வார்களாம். சொல்லிவிட்டு, "மாமி, தலைக்குள் ஓடினால் உங்கள் நேர்த்தி உடையாதுதானே?" என்று கேட்டாள்.

"உடையாது பிள்ளை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், சமையலறையில் தண்ணீர்ப் பைப்பைத் திறந்துவிட்டு அழுதேன். சத்தம் போட்டு அழுதேன். நல்லகாலம், அப்பா ஷொப்பிங் போயிருந்தார்.

உனக்கு நினைவிருக்காது. நான் ஸ்கூல் பஸ் லைசென்ஸ் எடுத்த வருடம், என் அண்ணை, உன் பெரிய மாமா, வீட்டுக்கு வந்தார். சோபாவில் இருந்துகொண்டு, "உனக்கென்ன விசரே? பொம்பிளை உவ்வளவு பெரிய பஸ்ஸை ஓடி, ஆரோ ஒருத்தரின்ர பிள்ளையை அடிச்சுப் போட்டால் அந்தப் பழி உன்ர பிள்ளையைத்தான் பிடிக்கும். விட்டிடு" என்றார். நீ சோபாவுக்குப் பின்னால் இருந்து விளையாடிக்கொண்டிருந்தாய். நான் சரி அண்ணை என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அப்போது உன் அப்பா, அண்ணைக்கு முன்னால் ஒரு கதை கதைக்காத மனிசன், "அவ ஓடுவா. நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறுது" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வசனத்தில்தான் நான் இத்தனை வருடமும் காலையில் எழும்பி, லைட்டையும் டயரையும் சுற்றிப் பார்த்து, இந்த மஞ்சள் பஸ்ஸில் ஏறி, ஊரார் பிள்ளைகளைப் பத்திரமாகக் கொண்டுபோய் இறக்கினேன். பயம் போகவில்லை. பயத்தோடுதான் ஓடினேன். அப்பாவுக்கு அதற்கு நான் ஒருநாளும் வாய்விட்டு நன்றி சொன்னதில்லை. தண்ணீர்ப் பைப்புக்கு முன்னால் நின்றபோதுதான் விளங்கியது. அண்ணை என்னிடம் சொன்ன அதே வசனத்தை, அதே பிள்ளையின் பெயரை இழுத்து, நான் மாலினிடம் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த நாள் இரண்டு ஓட்டத்துக்கும் இடையில் கோயிலுக்குப் போனேன். பகல் நேரம், சனமில்லை. அலுவலகத்தில் எனக்கு ரூட் பிரித்துக் கொடுக்கிறவருடன் கதைக்கிற தொனியில்தான் முருகனுடனும் கதைத்தேன். பால்குடம் எடுத்துவிட்டேன், அது முடிந்தது. மற்றது என்னுடைய பிழை. அவளைக் கேட்காமல் அவள் பெயரில் வாக்குக் கொடுத்தேன். பிறகு என் பிள்ளையின் பெயரை இழுத்துப் பொய்யும் சொன்னேன். அப்படி ஒரு தண்டனை நீ சொல்லவில்லை, நான் சொன்னது. அவள் ஓடுவாள். குறை என்றால் என்னோடு வைத்துக்கொள். தரை கழுவிக்கொண்டிருந்தவர், "அக்கா, காலைக் கொஞ்சம் எடுங்கோ" என்றார். எடுத்தேன். மனம் இலேசாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து மாலினிடம் எல்லாம் சொன்னேன். நான் சொன்னது பொய் என்றும் சொன்னேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். உடைந்த இடுப்பு நோகுமே என்று நான் தள்ளி நிற்க, அவள் விடவில்லை. பிறகு சொன்னாள்: "நீங்கள் நல்லவர் மாமி. என்னைச் சந்தோசப்படுத்த இப்படிச் சொல்கிறீர்கள். ஆனால் ஒருமுறை காதில் விழுந்ததைக் கேட்காதது ஆக்க முடியாது. ஒவ்வொரு வளைவிலும் பிரேக் பிடிக்கும்போது அவனைத்தான் நினைப்பேன். அப்படி நினைக்கிறவள் ஓடக்கூடாது." எத்தனை விதமாகச் சொல்லியும் கேட்கவில்லை. நான் கட்டிய முடிச்சு, என் கையால் அவிழவில்லை. இந்தக் கடிதம் அதற்காகத்தான், மகன். அவளுக்குக் கொடுத்த வாக்கை உடைத்து உனக்குச் சொல்கிறேன். இந்த ஒரு வாக்கை உடைப்பதில் எனக்கு வெட்கமில்லை.

உனக்கு நான் நிறையப் புத்தி சொல்லி வளர்த்திருக்கிறேன், அதில் பாதி எனக்கே தேவைப்பட்டது. கலியாணத்துக்கென்று ஒன்றே ஒன்று சொல்கிறேன். அவளைக் கேட்காமல் அவளுக்கு நன்மை செய்யாதே. அன்பு இருக்கிற ஆட்கள்தான் அதைச் செய்வார்கள், அதனால்தான் அது தடுக்க முடியாமல் வரும். நான் அவளில் வைத்த அன்பு பொய்யில்லை. அவளுடைய நடை திரும்பினதுக்கு நான் உண்மையாகவே பால்குடம் சுமந்தேன். அதே அன்போடுதான் அவளுடைய காரையும் பறித்தேன். இன்னொன்று. என் சமையலறையில் நின்று அவளைப் பயந்தவள் என்று சொன்னாய் அல்லவா, அதற்கு மன்னிப்புக் கேள். எனக்கு அல்ல, அவளுக்கு.

உன்னால் எனக்குக் கிடைத்த பிள்ளை அவள். ஒரு தாய் தன் மகன் நன்றாக இருக்க வேண்டும் என்று எதை எதையோ விட்டுக்கொடுப்பாள், அது பெரிய காரியமில்லை, பெற்றவள்தானே. உன்னைப் பெறாத ஒருத்தி, நம்பிக்கையே இல்லாத ஒரு கடவுளின் பெயரால், இருபது வருடமாகக் காத்திருந்த ஒன்றை உனக்காகச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, பயந்தவள் என்ற பெயரையும் உன்னிடம் வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். என் பிள்ளையை இவ்வளவுக்கு நேசிக்க இன்னொரு ஆள் இருக்கிறது என்று தெரிந்து ஒரு தாய் வேறென்ன கேட்பாள்? நான் நிறைந்துபோய் இருக்கிறேன். அந்த நேசத்துக்கு அவளிடம் விலை வாங்க மட்டும் என்னால் முடியாது.

இதை இன்றைக்கே அவளுக்கு ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டு. நான் கெட்டவளாக இருக்கிற இடங்களை விட்டுவிடாதே. வாசித்து முடிய அவள் உன்னைப் பார்த்து, உனக்குப் பயமில்லையா என்று கேட்பாள். இல்லை என்று பொய் சொல்லாதே, அவளுக்குப் பொய் தெரியும். பயமாகத்தான் இருக்கிறது என்று சொல். சொல்லிவிட்டு, போய் ஓடு என்றும் சொல். நான் முதல் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்தியவள். நீ மற்றப் பாதியையும் சொல்.

உன் அம்மா